சங்கிலிக்கு அந்தப் பக்கம்

மலைமேல் கோல்ஃப் பந்து கூடுதல் தூரம் போகும். காற்று அங்கே மெலிந்திருப்பதால் அப்படி. இதை எங்கள் குடும்பத்துக்கு அறிவித்தவர் என் சகலை. விடுதி வரவேற்பறையில் மாட்டியிருந்த படத்தின் கீழே இருந்ததைப் படித்துவிட்டு, தானே உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்தவர் மாதிரி காலைச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். என் மனைவியும் அவள் தங்கையும் ஆவென்று கேட்டார்கள். அதே படத்தை நான் முந்தின நாளே படித்துவிட்டேன். நான் சொல்லியிருந்தால், "ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க" என்றிருப்பார்கள்.

நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

சகலைக்கு மெத்தை வியாபாரம். எனக்குக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் உத்தியோகம். "நான் ஜனங்களைத் தூங்க வைக்கிறேன், அண்ணன் கடைக்காரங்க தூக்கத்தைக் கெடுக்கிறார்" என்று எந்தக் கூட்டத்திலும் சொல்வார். நல்ல நகைச்சுவைதான், முதல் தடவை கேட்கும்போது. என் மனைவி ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பவள் போலவே சிரிப்பாள். அவளுடைய பெருந்தன்மை அப்படி.

கோல்ஃப் விளையாட்டை நான் முறையாகக் கற்றேன். பயிற்சியாளர் வைத்துக் கற்றேன். வீட்டுக் கூடத்தில் பச்சைக் கம்பளம் விரித்து, டம்ளரைப் படுக்கவைத்து, அதற்குள் பந்தை உருட்டிப் பழகினேன். விதிப்புத்தகத்தைப் படித்தேன். அதைப் படிக்கிற ஆட்கள் உலகத்தில் குறைவு என்பது இந்தப் பயணத்தில்தான் புரிந்தது. சகலை வாடகை மட்டைகளோடும் துணிக் காலணியோடும் வந்து இறங்கினார். "எந்தப் பக்கம் பிடிக்கணும் அண்ணே?" என்று என்னிடம் கேட்டார். கற்றுக்கொடுத்தேன். முதல் நாளே என்னை ஜெயித்தார்.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் எப்படி ஜெயித்தார் என்பதுதான் விஷயம்.

அவர் பந்து கல்தரையில் போய் விழும். நான் வேறு பக்கம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஏதோ பாட்டைச் சீட்டியடித்தபடி, காலணி நுனியால் அதை மெல்லப் புல்லுக்குத் தள்ளிவிடுவார். பிறகு வானத்தைப் பார்ப்பார். "என்ன அழகு பாருங்க அண்ணே" என்பார். அழகுதான். பள்ளத்தாக்கு, அடுக்கடுக்காக நீலமலைகள், புல்வெளியின் நடுவே குட்டிக் கொடிகள். அவ்வளவு அழகுக்கு நடுவில் ஒரு மனிதர் எட்டு வயதுப் பையன் மாதிரி ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அறையில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஈர முடியைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் சகலையின் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது.

"விடுங்களேன். பந்துதானே" என்றாள்.

"பந்து இல்லை. விதி."

"அவரோட சுத்தினா பொழுது போறதே தெரியல. உங்களோட நடந்தா யாரோ கூடவே வந்து மார்க் போடற மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். என் தோளைத் தட்டினாள். "சும்மா சொன்னேன்" என்றாள். அவள் சும்மா எதுவும் சொல்வதில்லை.

இதை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. குறித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது, அடித்துவிடுங்கள். பொறாமை என்று நீங்கள் முடிவுகட்டினால் அது தவறான எடை.

மைதானத்தின் மிக அழகான குழி மலை விளிம்பில் இருக்கிறது. விளம்பரப் படங்களில் வருவதும் அதுதான். இடது பக்கம் சிவப்புக் கட்டைகள் நட்டு, நடுவே தாழ்வாக ஒரு சங்கிலி ஓடும். சங்கிலிக்கு அந்தப் பக்கமும் அதே புல், அதே பச்சை. மூன்றாம் நாள் காலை சகலை சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் தனியாக நடந்து அங்கே போனேன். தோட்டக்காரர் ஓர் எச்சரிக்கைப் பலகையைச் சங்கிலியில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பக்கம் கால் வெச்சிடாதீங்க. பாக்கத்தான் புல்லு. மழையில அடிமண்ணெல்லாம் அரிச்சிப் போயிடுச்சு. வெறும் வேர்தான் தாங்கிட்டிருக்கு. உங்க கூட வர்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். அவர் பலகையை நட்டுவைக்க ஒரு கட்டை எடுத்துவரப் போனார். போனவரை வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். விடுதிகளில் எச்சரிக்கையைவிட மேசைப் பூக்கள் முக்கியம்.

சகலையிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று உங்கள் கான்ஸ்டபிளிடம் முதலில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மறக்கவில்லை.

கடைசி நாள் ஆட்டத்துக்கு முன்பு மறுபடி அந்த விளிம்புக்குப் போனேன். பலகை அங்கேயேதான் சாய்ந்துகிடந்தது. எடுத்துப் புதருக்குப் பின்னால் படுக்கவைத்தேன். இவ்வளவு அழகான காட்சியை மறைத்துக்கொண்டு சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எதற்கு?

அன்று பனிமூட்டம் விட்டுவிட்டு வந்தது. பெண்கள் கிளப் தாழ்வாரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆடினோம். விளிம்புக் குழிக்கு வரும்போது சகலை என்னைவிட ஓர் அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தார். அந்த ஓர் அடி எங்கிருந்து வந்தது என்று அவர் காலணிக்குத் தெரியும்.

அவர் அடித்த பந்து சங்கிலிக்கு இந்தப் பக்கமே, பத்திரமான இடத்தில் நின்றது. அவர் வழியில் குனிந்து ஏதோ பூவைப் படமெடுத்துக்கொண்டிருந்தார், என் கொழுந்தியாளுக்குக் காட்ட. நான் முன்னால் வந்துவிட்டேன். பந்தைப் பார்த்தேன். பனி எங்களுக்கு நடுவே வந்தது. காலணி நுனியால் தள்ளினேன்.

இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. சங்கிலிக்கு அடியில் புகுந்து, சரிவில் கொஞ்ச தூரம் உருண்டு, சமர்த்தாக நின்றது. அவர் ஏன் அத்தனை தடவை செய்தார் என்பது அப்போது புரிந்தது.

"என் பந்து எங்கண்ணே?"

"அதோ. சங்கிலிக்கு அந்தப் பக்கம்."

"அடடா. அவ்வளவு தூரமா போச்சு? விட்டுடவா?"

"விட்டா ஓர் அடி கூடும். ஆட்டம் சமமாயிடும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "மெதுவா இந்தப் பக்கம் எடுத்துப் போட்டுக்கவா? நீங்க பாக்கலைன்னு வெச்சுக்கலாம்." கண்ணடித்தார்.

"ஒரே ஒரு தடவையாவது கிடக்கிற இடத்திலிருந்து ஆடுங்க தம்பி."

சிரிப்பு நின்றது. என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். அதுவரை நான் கவனிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். முகம் சிவந்தது. "சரிண்ணே. நீங்க சொல்றது நியாயம்தான்" என்றார். சங்கிலியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியவர், திரும்பிக் கேட்டார்: "தரை கெட்டியாத்தானே இருக்கு?"

"கெட்டியா இருக்கு. போங்க."

என் உத்தியோகத்தில் ஒரு பொய்த் தராசுக்கும் நான் முத்திரை போட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

இரண்டாவது எட்டில் புல் அவர் காலடியில் மடங்கியது. அவர் விற்கும் மெத்தை மாதிரியே மெதுவாக, சத்தமில்லாமல். மட்டை மட்டும் விளிம்பில் சிக்கி நின்றது. நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பந்து கிடந்த இடத்துக்குப் போய் என் அடியை அடித்தேன். அந்தப் பயணத்திலேயே என் சிறந்த அடி அது. கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நடந்துபோய்க் குழிக்குள் உருட்டினேன். பாதியில் ஆட்டத்தை நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

கிளப்புக்கு வந்து கை கழுவினேன். கொழுந்தியாள், "அவர் எங்க மாமா?" என்று கேட்டாள்.

"பந்து தேடறார்."

அவள் சிரித்தாள். இரண்டாவது கோப்பைத் தேநீருக்குச் சொன்னாள். மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் எழுந்து நின்று மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். என் மனைவி குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் அவர்களோடு சேர்ந்து தேடினேன், ஆனால் எல்லாக் குழிகளுக்கும் கூட்டிப்போனேன், விளிம்புக் குழியைத் தவிர.

தோட்டக்காரர்தான் மட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். கயிறு கட்டி இறங்கியவர்கள் சகலையை ஒரு பாறைத் திட்டிலிருந்து தூக்கினார்கள். கீழே வரை விழவில்லை. கால் எலும்பும் விலா எலும்பும் முறிந்திருந்தன. மழையில்தான் உயிர் போயிருக்கிறது, குளிரில். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேர்மையாக. மைதான மேலாளர் நேற்று என்னைப் பார்க்க வந்தார். மலை மைதானம் என்பதால் கல்தரையில் விழும் பந்தை ஆடுபவர் புல்லுக்கு நகர்த்திக்கொள்ளலாமாம், அபராதம் கிடையாதாம். சகலை முதல் நாளே வரவேற்பறையில் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? "அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாம இருக்குமா? அவர்கிட்ட போய் விதி பேசினா கோவிச்சுக்குவார்" என்று சொல்லிச் சிரித்தாராம். மேலாளரிடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். பந்தைக் கையால் எடுத்து வைக்கலாம் என்றுதான் அங்கே விதி. காலால் தள்ளலாம் என்று இல்லை. ஆகவே நான் பார்த்தது தவறு என்று சொல்ல முடியாது.

இன்று காலை என் மனைவி வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. தங்கை சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லுங்க. அவர் கூப்பிட்டாரா?"

கூப்பிட்டார் என்றேன். அண்ணே, அண்ணே என்று, தெளிவாகவே கேட்டது.

"அப்புறமும் எப்படிங்க..."

நான் பொறுமையாக விளக்கினேன். அப்போது நான் பந்தைக் குழிக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எதிராளி சத்தம் போடக்கூடாது.