சத்தமில்லாத கம்ப்ரசர் வாங்கிய விவகாரம்

வாக்குமூலம் கொடுப்பவர்: செங்கமலம், வயது 39, கணவர் பெயர் ரகுபதி, ஏரிக்கரைத் தெரு, மணிமங்கலம், காஞ்சிபுரம் மாவட்டம். தொழில்: வீட்டில் வண்டி சீட் உறை மாற்றுதல்.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் மகள் மதிவதனியுடனும் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் தாயாரம்மாள், தாம்பரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். முன்பு நான் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். இடுப்பு வலியால் வேலையை விட்ட பிறகு, வீட்டை ஒட்டியுள்ள தகரக் கொட்டகையில் பைக் சீட், கம்பெனி பஸ் சீட் ஆகியவற்றுக்கு உறை மாற்றிக் கொடுக்கிறேன். உறையை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கக் காற்றில் இயங்கும் கன் வைத்திருக்கிறேன். அதற்குக் காற்று கொடுப்பதுதான் கம்ப்ரசர். கொட்டகை இல்லாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை. கொட்டகையோடு வாடகை வீடு இந்தப் பக்கம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

என் மேல் புகார் கொடுத்திருக்கும் வசந்தகுமார் அடுத்த வீட்டுக்காரர். நான் இருந்த அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததே அவர்தான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பதால் என் மகளை அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் தன் வீட்டுக்குப் பின்னால் ரூம்கள் கட்டிக் கம்பெனி ஆட்களுக்கு விட்டிருக்கிறார். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்குவார்கள். அதனால் எங்கள் தெருவில் பகலில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. மீன் விற்பவர்கூடக் கூவாமல் வாட்ஸ்அப்பில்தான் தகவல் போடுவார்.

என்னுடைய பழைய கம்ப்ரசர் ஒரு பஞ்சர் கடையிலிருந்து வாங்கியது. ஓடினால் தகரமே ஆடும். சத்தம் குறையட்டும் என்று பெல்ட் மூடியின் மேல் ஸ்பாஞ்ச் வைத்து, மீந்துபோன மெரூன் ரெக்சினைச் சுற்றித் தைத்திருந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் தெருவில் யாரும் என்னிடம் நேரில் குறை சொன்னதில்லை.

கடந்த புரட்டாசி மாதம் பகலில் தூங்க முடியவில்லை என்று பெயர் இல்லாத மனு ஒன்று என் மேல் வந்து, காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அன்றே தாயாரம்மாள் போன் செய்து, “போலீசு வந்து நிக்கிற வூடு எனக்கு வாணாம் மா. இன்னொரு தபா வந்தா காலி பண்ணிடு” என்றார். அதன் பிறகு நான் நேராக வசந்தகுமாரிடம் போய் அழுதேன். அவர், “இதுக்குப் போயி அழுவியா? மிஷின மாத்திட்டா முடிஞ்சிச்சி. நான் பாத்து எடுத்துத் தரேன்” என்றார்.

அதன் பிறகு ஐப்பசியில் அவருடைய வார லீவு அன்று என்னை பாரிமுனைப் பக்கம் மிஷின் கடைகளுக்கு அழைத்துப் போனார். முதல் கடைக்காரர் ஓட்டிக் காட்டிய மிஷின் எனக்குப் பிடித்திருந்தது. வசந்தகுமார் விடவில்லை. “டேங்க் ரொம்பி மோட்டார் நிக்கப் போற நேரத்துல காட்டறாரு மா. காத்த மொத்தமா தொறந்து வுட்டுட்டு, காலி டேங்க்ல இருந்து ஓட்டச் சொல்லு” என்றார். ஓட்டியதும் கடையே அதிர்ந்தது. இரண்டாவது கடையில் சைலண்ட் என்று ஸ்டிக்கரே ஒட்டியிருந்தது. அதன் மோட்டார் வேகமாகச் சுற்றுகிற வகை என்றும் சுவர் பக்கத்தில் வைத்தால் காதைக் குடையும் என்றும் சொல்லி அதையும் வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாவது கடையில் ஆயில் ஊற்றத் தேவையில்லாத, மோட்டார் மெதுவாகச் சுற்றும், இரண்டு தலை உள்ள ஒரு மிஷின் இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து காதை அதன் பக்கத்தில் வைத்து, டேங்க் நிரம்பும் வரைக்கும் கேட்டார். “பின் அடிக்கிறதுக்கு இந்தக் காத்து தாராளம். இத வெச்சிக்கினு நீ ஓட்டினா பக்கத்துல படுத்துக்கினு கீறவனுக்குக்கூட தெரியாது” என்றார். அதையே வாங்கினோம்.

அதன் பிறகு அவரே வந்து, மிஷினைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, காலுக்கு அடியில் ரப்பர் போட்டுக் கொடுத்தார். நான் வேலை செய்துகொண்டிருக்கும்போதே என் கணவர் அடுத்த அறையில் குறட்டை விட்டார். பிரிட்ஜ் ஓடுகிற மாதிரிதான் சத்தம். பழைய மிஷினை ஆள் பார்த்துத் தள்ளிவிடுகிறேன் என்று குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நன்றி சொல்லத் தெரியாமல் அவருடைய பைக்குக்குப் புது சீட் போட்டுக் கொடுத்தேன்.

கார்த்திகையில் மறுபடியும் மனு வந்தது. இந்த முறை காவலர் வந்தபோது நான் பின் அடித்துக்கொண்டிருந்தேன். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போர்வெல் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். காவலர் என் கம்ப்ரசர் மேல் கை வைத்துப் பார்த்தார், அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. “மிஷின் மாத்திட்டேன்றீங்க. தெருமுனை வரைக்கும் கேக்குதே” என்றார். இது என் சத்தம் இல்லை என்றேன். சொன்னபோதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அன்று சாயங்காலமே தாயாரம்மாள் தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நான் வேலை செய்யும்போதெல்லாம் அந்தச் சத்தம் வந்தது. கன்னைக் கீழே வைத்தால் நின்றது, எடுத்தால் வந்தது. பத்து வருடம் என்னோடு ஓடிய மிஷின், நிற்கும்போது இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். பெற்ற பிள்ளை இருமினால் தெரியாதா? எனக்குத் தெரிந்தது, ஆனால் மனசு ஒப்பவில்லை. போன வாரம் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். என் வீட்டில் எதுவும் ஓடவில்லை. பிறகு மரச்சுத்தியை எடுத்து, கன் அடிப்பது போலவே மேஜையில் டக் டக் என்று தட்டினேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது. தட்டுவதை நிறுத்தினேன், அதுவும் நின்றது. மறுபடி தட்டினேன், மறுபடி வந்தது.

அதன் பிறகு நான் வசந்தகுமார் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கார்த்திகை முழுக்க நைட் ஷிப்ட், பகலில் வீட்டில்தான் இருப்பார். கதவு திறந்தே இருந்தது. கொட்டகைச் சுவருக்குப் பின்னால் அவர்கள் துணி துவைக்கும் இடத்தில் என் பழைய கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. மெரூன் ரெக்சின்கூடப் பிரிக்கப்படவில்லை. டேங்க் நிரம்பி மோட்டார் நின்றுவிடாமல் இருக்க, அடியில் காற்றுத் திருகைத் திறந்து விட்டிருந்தார். அவர் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, ஒரு கையில் போனும் இன்னொரு கை சுவிட்ச் மேலுமாக இருந்தார். என்னைப் பார்த்துச் சுவிட்சை அணைத்துவிட்டு, “உக்காரு மா” என்றார்.

நான் ஏன் என்று கேட்டேன். அவர், “உன்கிட்ட எனக்கு இன்னா மா கோவம்? வூடு மட்டுந்தான் வேணும். காண்டிராக்டர் இன்னும் பத்து ஆளுக்கு ரூம் கேக்கறான். மொத மனுவிலயே போயிடுவன்னு நெனச்சேன். நீ அழுதுக்கினு வந்து நின்ன, மிஷின மாத்தலாம்னு நானே சொல்லும்படி ஆச்சி. அதுவும் ரொம்ப சைலண்டா போச்சி” என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

நான் சுத்தியலோடு கொல்ல வந்ததாக அவர் புகார் கொடுத்திருக்கிறார். கையில் மரச்சுத்தி இருந்தது உண்மை. அவரை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று தோன்றியது, அதை மறைக்கவில்லை. கம்ப்ரசரின் மீட்டர் கண்ணாடியை உடைத்தது நான்தான். அவர் அதை விற்றுத் தருவதாகச் சொல்லித்தான் கொண்டுபோனார், விற்கவில்லை, ஆகவே அது என் மிஷின்.

இன்று விசாரணையில் உதவி ஆய்வாளர் கங்கா அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி தாயாரம்மாளுக்குப் போன் போட்டார். தாயாரம்மாள், “ஆடி மாசமே வசந்தகுமாரு வந்து வூட்ட கேட்டாரு. போலீசு வந்தா காலி பண்ணச் சொல்லுங்கன்னு சொன்னதும் அவருதான். சத்தம் செங்கமலத்துது இல்லன்னா அந்தப் பொண்ணே வூட்ல இருக்கட்டும், எனக்கு இன்னா” என்றார். வீடு எனக்கே தங்கியது. அதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆடியிலேயே வீட்டைக் கேட்டவர், ஐப்பசியில் எனக்காகக் கடைத் தரையில் உட்கார்ந்து காது வைத்துக் கேட்டிருக்கிறார்.

ஆகையால் நான் ஒன்றே ஒன்றை அவரிடம் கேட்கச் சொன்னேன். என்னைக் கிளப்பத்தான் வேண்டும் என்றால், முதல் கடையில் எனக்குப் பிடித்த அந்த மிஷினையே வாங்க விட்டிருக்கலாம். அது போட்ட சத்தத்தில் நான் தானாகவே காலி செய்திருப்பேன். ஏன் தடுத்தார்? உதவி ஆய்வாளர் கேட்டார். வசந்தகுமார் தலையைக் குனிந்துகொண்டு, “நான் ஃபிட்டர் மேடம். தப்பான மிஷின கை காட்ட மனசு வரல” என்றார்.

அதன் பிறகு அவர், தங்கச்சிதானே, சமாதானமாகப் போய்விடலாம் என்றார். மிஷினுக்காக வந்த மனசு எனக்காக வரவில்லையே அண்ணே என்று கேட்டேன். சமாதானத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை. சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளதெல்லாம் நானாகச் சொன்னது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) ர. செங்கமலம்