பொட்டிகிட்ட பேசினவர்

— ஐயையோ மிர்லான், அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியவா அணைச்சே?

— கரண்ட் போனா தாங்கற பேட்டரிய அணைக்காம எப்படிக்கா மாத்தறது? இதோ, இப்போ எந்திரிச்சிடும்.

— அணைக்கக் கூடாதுன்னு சீட்டு ஒட்டியிருந்தேனே!

— லைப்ரரிக்கு வர்ற பசங்களுக்குன்னு நெனச்சேன். ஏன், என்ன இப்போ?

— அதுல ஒருத்தர் போன மாசம் பேசிப் பதிஞ்சு வச்சிருந்தார்ப்பா. சேமிச்சாச்சுன்னு திரையிலயே வந்துச்சே.

— வரும். ஆனா இதுல டிஸ்க்கே கிடையாதுக்கா. ஆன் பண்ணினதும் இத ஓட்டற லினக்ஸ் மொத்தமும், வேர்லேருந்து நுனி வரைக்கும், மெமரிக்குள்ள ஏறி உக்காந்துக்கும். நீங்க சேமிக்கறதும் அதுக்குள்ளதான். அணைஞ்சா எல்லாம் போச்சு.

— இப்படி ஒரு பொட்டிய எவனாவது செய்வானா?

— நான்தான் செஞ்சேன். நம்ம நாரின் ஊர்ல கரண்ட் போற போக்குக்கு எந்த டிஸ்க்கும் தாங்காது. வைரஸ் வந்தாலும் தங்காது. அன்னைக்கே விளக்கினேனே, தலையாட்டினீங்க.

— பாதி புரியலை. கேக்க வெக்கமா இருந்துச்சு.

— சரி விடுங்க, யாரு அது? திரும்பப் பேசச் சொன்னாப் போச்சு.

— பேச மாட்டார். உங்கப்பாடா.

— அப்பாவா? அவர் குதிரைல ஒண்ண வித்துட்டுப் படிக்கப் போனேன்னு, இனி அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு ரொட்டியத் தொட்டு சத்தியம் பண்ணினவராச்சே!

— அதான். "அவன்கிட்ட பேசினாத்தானே ரொட்டி என்னைத் தண்டிக்கும், அவன் செஞ்ச பொட்டிகிட்ட பேசினா என்ன?"ன்னார். என்னை வெளிய அனுப்பிட்டுத்தான் பேசினார். வரும்போது கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. இன்னொரு தடவை இதைச் சொல்ல என்னால ஆகாதும்மான்னார்.

— ஐயோ... போன மாசமே வந்திருக்கணும்க்கா. பிஷ்கெக்லேருந்து வர ரோடெல்லாம் பனின்னு சாக்கு சொல்லிட்டு உக்காந்திருந்தேன். பாவி நான்.

— சந்தை நாளுக்கு வர்றப்பல்லாம், மகன் வந்தானா, கேட்டானான்னு எட்டிப் பாத்துட்டுப் போவார். அதோ, குதிரையக் கட்டறார் பாரு.

— அக்கா, அழிஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவர் மனசு ஒடைஞ்சிடும். கேட்டுட்டேன்னு சொல்லிடுங்க.

— பொய் சொல்லச் சொல்றியா?

— கால்ல வேணா விழறேன். இதோ, அப்பா வாசலுக்கே வந்துட்டார்.

— பெகாயிம், உள்ள நிக்கறது அவனாம்மா? நான் பேசினதக் கேட்டானா?

— கேட்டுட்டான் பெரியப்பா. முழுசா.

— அப்பாடா. ஏன் முகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கறான், அழறானா? அழ வேணாம்னு சொல்லு. கடைசியில ஒரு கேள்வி வச்சிருந்தேனே, அதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லும்மா. ஆமாவா, இல்லையா?