நான் வளர்த்த சிக்கு

மெல்லிய செயினைக் கழற்றியதும் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் செய்வதில்லை. வாய் திறந்த கொக்கி சும்மா இருக்காது. பக்கத்தில் கிடக்கும் செயினைப் போய்ப் பிடிக்கும், அது இன்னொன்றைப் பிடிக்கும், நாலு நாள் கழித்துத் திறந்தால் கைக்கு வருவது செயின் அல்ல, ஒரு உருண்டை. எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் ஒரு கொக்கிதான் காரணம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் தனியாக இருக்கும்போது பல தடவை சிரித்திருக்கிறேன்.

எங்களுடையது மாடி வீடு. கீழே நான், என் வீட்டுக்காரர், மாமியார். மேலே என் கொழுந்தனும் அவர் மனைவியும். அவளை எல்லோரும் சின்னவள் என்போம், நான் பெரியவள். சின்னவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக் கண்ணாடியின் பொடித் திருகாணிகளை முடுக்குவதும் வளைந்த பிரேமை நிமிர்த்துவதும் அவள் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவள். எனக்கு அவளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பகை எங்கே, பொறாமை எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மேலே அவளுடைய அறையில்தான் பெரிய கண்ணாடி இருந்தது, அதனால் நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்றுதான் புறப்பட்டோம், திரும்பி வந்தும் அங்கேதான் எல்லாவற்றையும் கழற்றினோம். அன்றைக்கு நான் என் அம்மா கொடுத்த கோதுமை செயினைப் போட்டிருந்தேன். தலைமுடி கனம்தான் இருக்கும், டாலர் கிடையாது. பழைய கொக்கி உடைந்து போனதால் கொக்கி மட்டும் வெள்ளியில் மாற்றியிருந்தது. அதோடு அழகுக்காக ஆறு கவரிங் செயின்கள். கழற்றிய கவரிங்கை டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுவந்தேன். மறுநாள் பார்த்தால் தங்கத்தைக் காணோம்.

அவளுடைய கண்ணாடி மேசையில் அதைத் தனியாக வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வீட்டில் யாருக்காவது சாவி தொலைந்தால் என்னைத்தான் கேட்பார்கள், அவ்வளவு ஞாபகசக்தி. மேசையை நகர்த்தினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தார்கள். மாமியார் சின்னவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். நான் குறுக்கே போய்த் தடுத்தேன். "நான் யாரையும் சொல்லல அத்தை. அங்கதான் வச்சேன். அதை மட்டும்தான் சொல்றேன்." இதைவிட நிதானமாக யார் பேசியிருப்பார்கள்?

மூன்றாம் நாள் சின்னவள் கீழே வந்தாள். கழுத்தில் கிடந்த தன் செயினைக் கழற்றி என் கையில் வைத்தாள். வேலைக்குப் போன முதல் வருஷம் அவளே வாங்கியது. "நான் எடுக்கலக்கா. ஆனா என் ரூம்லதான காணாமப் போச்சு, இத நீங்க வச்சுக்குங்க" என்றாள். நான் இரண்டு தடவை வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவையும் மறுத்தால் அவள் மனசு புண்படும் என்று வாங்கிக்கொண்டேன்.

ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. போட்டால் கழுத்து நிறைந்துவிடும், நிறைந்த கழுத்துக்கு யாரும் இரங்க மாட்டார்கள். தாலிக்கயிற்றைத் தவிர வெறும் கழுத்தோடு இருந்த அந்த ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை முன்பு கிடைத்ததே இல்லை. பீரோ சாவிகளை மாமியார் என்னிடம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் என் பேச்சுக்கு மறு பேச்சுப் பேசுவதை விட்டார். கொழுந்தன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். ஏதாவது வாக்குவாதம் வந்தால் நான் பதில் சொல்வதில்லை. கழுத்தை ஒரு தடவை தடவிக்கொள்வேன், அவ்வளவுதான், அறையே அடங்கிவிடும். சின்னவள் மட்டும் எங்கள் படுக்கையறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டாள். துணி மடித்துக் கொண்டுவந்தால் வாசலிலேயே நின்று நீட்டுவாள்.

அடுத்த வருஷம் கவரிங் டப்பாவை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். ஆறு செயினும் ஒரே உருண்டையாகக் கிடந்தன. எல்லாம் கறுத்துப் போயிருந்தது. நடுவில் ஒரே ஒரு இழை மட்டும் கறுக்கவில்லை. அதன் முனையில் ஒரு வெள்ளிக் கொக்கி, வாயைத் திறந்துகொண்டு, மற்ற ஆறையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ச் சொல்லத்தான் நினைத்தேன். கதவு வரைக்கும் போனேன். அப்புறம் கொஞ்சம் யோசித்தேன். மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. அத்தனை பேச்சுப் பேசியவர், அதெல்லாம் வீண்பழி என்று தெரிந்தால் என்ன ஆவார்? கொழுந்தன் ஒரு வருஷமாகப் பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவர் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? ஒரு குடும்பமே தலைகுனிய வேண்டியிருக்கும். ஒருத்தி ஏற்கெனவே குனிந்து பழகிவிட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எது நியாயம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த கேள்வி, எங்கே ஒளிப்பது. அம்மா கொடுத்ததை விற்க எனக்கு மனசு வராது. சாவி என்னிடம் இருந்தாலும் பீரோவை மாமியார் வாரம் ஒரு முறை துழாவுவார். யோசித்து யோசித்து, அது இருந்த இடம்தான் சரி என்று தெரிந்தது. சிக்கு விழுந்த உருண்டையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு மூடிவிடுவார்கள்.

சிக்கு என்றால் கவனிக்காமல் விட்டதால் வருவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் சொல்வேன், ஒரு சிக்கைப் பத்து வருஷம் காப்பாற்றுவது செடி வளர்ப்பது மாதிரி. மாதம் ஒரு முறை வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருவேன். கவரிங் கறுத்தால் தங்கம் தனியாகத் தெரியும், அதனால் கவரிங்கைப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு முக்கி, பழைய பல் பிரஷால் தேய்ப்பேன். ஷாம்பு பட்டால் முடிச்சு இளகும், ஆகவே துடைத்துக் காய வைத்து, ஊசியால் மறுபடி இறுக்குவேன். சிக்கெடுக்கிறவர்கள் முகப்பவுடர் தூவுவார்கள் என்பதால் பவுடர் டப்பாவை அந்தப் பக்கமே அண்ட விடுவதில்லை. ஆறாவது வருஷம் இரண்டு செயின்கள் அடியோடு வெளுத்துவிட்டன. புதிதாக இரண்டு வாங்கி உள்ளே கோத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "அவுக்கவும் மாட்டேங்கற, தூக்கிப் போடவும் மாட்டேங்கற, இத வச்சு என்னதான் பண்ற?" என்றார். பொறுமையைப் பழகுகிறேன் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சின்னவளுக்கு அந்தப் புத்தி வந்தது. கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியும் மெல்லிய இடுக்கியும் கொண்டுவந்து, எதிர் வீட்டுப் பெண்ணின் செயினில் விழுந்திருந்த சிக்கைப் பத்தே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான், தெருவே மாடிப்படி ஏற ஆரம்பித்தது. வெள்ளைத் தட்டில் செயினைப் பரப்பி, பவுடர் தூவி, இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு வெளிப்பக்கமாகவே முடிச்சை அகட்டிக்கொண்டு போவாள். இழுக்கவே மாட்டாள். எடுத்து முடித்ததும் செயினின் ஒரு முனையை ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவுக்குள் விட்டு அந்தப் பக்கம் வாங்கிக் கொக்கியை மாட்டித் தருவாள். அப்புறம் எப்படிச் சிக்கு விழும்? பத்து வருஷம் கழித்து முதல் தடவையாக அவளுடைய அறைக்குள் பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நகையைக் கூசாமல் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கும் சந்தோஷம்தான். என் டப்பாவை மட்டும் துணிக்கு அடியில் வைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை நான் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். திரும்பி வந்தால் துணி இருக்கிறது, டப்பா இல்லை. மாமியார் ரகசியம் சொல்வது போலச் சிரித்தார். பெரியவளுக்குத் தெரியாமல் சிக்கெடுத்து வைக்கலாம் என்று சின்னவள் ஆசைப்பட்டாளாம், டப்பாவை அவர்தான் எடுத்துக் கொடுத்தாராம். பதினோரு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலே போனேன். சின்னவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். தட்டில் மூன்று செயின்கள் தனியாக நீட்டிக் கிடந்தன. விட்டுவிடு, கண்ணுக்குக் கெடுதல், எல்லாம் சும்மா கவரிங்தான் என்று சொன்னேன். அவள் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லக்கா, உங்களுக்காக நான் ஒண்ணாவது செஞ்சேன்னு இருக்கட்டும்" என்றாள். அப்புறம் மெதுவாக, "இது தானா விழுந்த சிக்கு மாதிரி தெரியலக்கா. யாரோ கட்டி வச்ச மாதிரி இருக்கு. இதுல ரெண்டு செயின் புதுசா வேற இருக்கு" என்றாள்.

பயந்துதான் போனேன், மறைப்பானேன். உன் கைராசிக்குப் பழசும் புதுசாகிவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அவள் மேல் நிஜமாகவே பாசம் வந்தது. இவ்வளவு நல்லவளாக இருக்கிறவர்களுக்கு இந்த உலகத்தில் கஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம், கொழுந்தன் உள்பட. சின்னவள் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கன்னமெல்லாம் பவுடரும் கண்ணீரும்.

"அக்கா, உங்க அம்மா செயின் கிடைச்சிடுச்சுக்கா. உள்ளேயே இருந்துச்சு. இவ்வளவு நாளும் உங்ககிட்டயேதான் இருந்திருக்கு."

அவள் குரலில் குற்றச்சாட்டு துளிகூட இல்லை. என்னைச் சந்தேகிக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நானும் அவளைப் போலவே மகிழ்ந்துபோய் எழுந்து வந்து கட்டிக்கொள்வேன் என்று நினைத்துத்தான் ஓடி வந்திருக்கிறாள். மாமியார் செயினைத் தூக்கி வெள்ளிக் கொக்கியைத் தடவிப் பார்த்தார். கொழுந்தன் பாதி எழுந்து நின்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவர் பெண்டாட்டியின் கையைப் பிடித்திருப்பார்.

நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும்தான் சொன்னேன். "வியாழக்கிழமையிலேர்ந்து டப்பா மேலதான இருந்துச்சு?"

மிச்சத்தை அவர்களே யோசித்துக்கொண்டார்கள். முதலில் மாமியார் செயினை மேசையில் வைத்தார். அடுத்து என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். கொழுந்தன்தான் கடைசி, அவர் மறுபடியும் உட்கார்ந்தார். திருப்பிக் கொடுக்க இப்படியும் ஒரு வழி கண்டுபிடித்தாளே என்று மாமியார் சொன்னார், அதுவும் இரக்கத்தோடுதான் சொன்னார்.

சின்னவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. எந்த இடத்தில் ஊசியை விடலாம் என்று உருண்டையைப் பார்ப்பாளே, அதே பார்வை. கண்டுபிடித்தும்விட்டாள், அது எனக்குத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள்?

நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். போனது போகட்டும், இனி யாரும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கைகளுக்குள் சின்னவள் மரக்கட்டை மாதிரி நின்றாள்.

அந்த மாதமே அவள் மட்டும் மாடியைக் காலி செய்துகொண்டு போனாள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள், கொழுந்தனை விட்டுவிட்டாள். அவர் இப்போது எங்களோடுதான் சாப்பிடுகிறார். அவள் கொடுத்த செயினைத் திருப்பித் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. அதையும் அம்மாவுடையதையும் நாள் மாற்றி நாள் போட்டுக்கொள்கிறேன், ஒன்றாகப் போட்டால் சிக்கிக்கொள்ளும். போகிறபோது அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் நான் அவளை முழு மனசோடு மன்னித்துவிட்டேன்.