கயல்விழியின் ஈரல் துணுக்கு

உச்சி வெயில், பன்னிரண்டு மணி. பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி ஒரு சோளக்காட்டுப் பாதை… ஆளரவமே இல்லை. பேய்க்கு இருட்டு வேண்டுமென்று உங்களுக்கு யார் சொன்னது? கிட்ட வந்து உட்காருங்கள்.

நம் பக்கத்து வீட்டுச் சாந்தாமணியின் தங்கை கயல்விழிக்கு மாசக்கணக்கில் காமாலை. கீழாநெல்லி குடித்து வாய் கசந்ததுதான் மிச்சம். உடம்பே தன் ஈரலைப் பகையாளி என்று நினைத்து அரிக்கிறது போலிருக்கிறது, ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்காமல் மாத்திரை தொடங்க முடியாது என்றார் டாக்டர். எடுத்தார்கள். துணுக்கைப் போட்ட மருந்துக் குப்பியை லேபுக்குக் கொண்டுபோகும் வேலை அவள் புருஷன் தமிழ்ச்செல்வனுக்கு.

"கறி கொண்டு போறப்ப பையில கரித்துண்டு போடோணும் கண்ணு," என்றாள் அவன் அம்மா பாவாத்தாள். காத்துக்கருப்பு அண்டாதாம்.

"இதென்ன கொழம்புக்கு வாங்குன கறியாம்மா?"

சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தான். படித்த பிள்ளை, பாவம்.

பாதி வழியில் வண்டி கனத்தது… பின்சக்கரம் அமுங்கியது. முதுகுக்குப் பின்னால் மிளகு போட்டு ஈரல் வறுக்கும் வாசம். அப்புறம் ஒரு சத்தம்… விரலைச் சப்புகிற மாதிரி. செயின் தளர்ந்துவிட்டது என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே போனான்.

லேப் பெண் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "மருந்துத் தண்ணி மட்டுந்தானுங்க இருக்குது. சதை எங்கீங்க?"

மூடியில் ஒட்டிய பிளாஸ்திரி பிரியவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். "போட்டுத்தானுங்க குடுத்தோம்." லேபுக்கு ஓடினான். "வரலீங்களே." இவர்கள் அவர்களைக் கைகாட்ட, அவர்கள் இவர்களைக் கைகாட்ட, அங்கே கயல்விழிக்கு வயிறு வீங்கத் தொடங்கியது.

"ஒரு குப்பி கொண்டுபோகத் தெரியாத ஆளுக்கு என்னையக் கட்டிக் குடுத்தாங்க பாருங்க," என்றாள். மறுபடியும் ஊசி.

இந்த முறை அவனே பையில் கரித்துண்டைப் போட்டுக்கொண்டான். துணுக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் சந்தேகப்பட்ட அதே நோய்தான் என்று ரிப்போர்ட் வந்தது. இனி ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு திரும்பினான். வெறும் மாத்திரைதானே… பையில் வேறெதுவும் போடவில்லை. அதே பாதை. அதே வெயில்.

வண்டி கனத்தது.

காதோரம் ஒரு பெண்குரல், ரொம்ப மரியாதையாக…

"ஏனுங்க… நமக்கு என்ன நோவுன்னு சொன்னாங்க?"

கண்ணாடியில் பார்த்தான். முகம் இல்லை. இரண்டு கண்கள் மட்டும், மஞ்சள் மஞ்சளாக.

பைக்குள் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குகிற சத்தம்… டப்… டப்… டப்…