வெள்ளைத் தொப்பியில் ஒரு தெள்ளுப்பூச்சி

விருந்தாளிக்கு ஆடு வெட்டாமல் எங்கள் வீட்டிலிருந்து யாரையும் அனுப்பியதில்லை. என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் வெட்டினோம். இறைச்சித் தட்டு வந்த நேரம், மூத்த சம்பந்தியின் வெள்ளைக் கம்பளித் தொப்பியில் ஒரு தெள்ளுப்பூச்சி ஏறியது.

"என்ன சம்பந்தி, உங்க மந்தையை மலைக்கு ஓட்டலையா? என் தலையில மேயுதே," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் அவர்களிடமிருந்து சேதி வரவில்லை.

பூச்சி பூனையிடமிருந்து வந்தது. மருமகள் புருல்சா தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பூனை. வாசலில் படுக்கும் என் வேட்டைநாயும் சொறிந்தது. நாய் என்றால் சொறியும். ஏழு தலைமுறையாக எங்கள் நாய்களுக்குப் பூச்சி இருந்ததில்லை.

மறுவாரம் உங்களிடம் வந்தேன், டாக்டரம்மா. நாய்க்கு மருந்து கேட்டேன்.

"பிடரியில ஊத்துங்க, பெரியவரே. பூனைகிட்ட மட்டும் கொண்டுபோயிராதீங்க, செத்துடும்," என்றீர்கள்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்று காலைதான் புருல்சா பூனைக்கான மருந்தை அளந்து போட்டிருந்தாள். அவள் தண்ணீர் எடுக்கப் போனதும், முப்பது கிலோ நாய்க்கான குப்பி முழுவதையும் பூனையின் பிடரியில் ஊற்றினேன். அது என் முழங்காலில் தலையைத் தேய்த்தது. பிற்பகலில் நடுக்கம் கண்டு, இருட்டுமுன் செத்தது.

"ஒரு சொட்டுகூட அதிகமா போடலங்க," என்று புருல்சா அழுதாள்.

"ஒரு பூனையக் காப்பாத்தத் தெரியல. என் பிள்ளைய உன் கையில எப்படித் தர்றது?" என்றான் என் மகன் தாலாய். புருல்சாவுக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

எனக்குத் தேநீர்க் கிண்ணத்தை நீட்டியவளின் பார்வை என் சட்டைக்கையில் நின்றது. அங்கே எண்ணெய்க் கறை, மருந்து வாடை. மாமனாரை மருமகள் கேள்வி கேட்பது எங்களில் வழக்கமில்லை; அவர்மேல் கணவனிடம் பழி சொல்வதும் இல்லை. நல்ல குடும்பத்துப் பெண். தலை குனிந்துகொண்டாள். தாலாய் தினமும் அதையே சொன்னான். ஒரு காலையில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். என் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்கமாட்டேன்.

அவள் போய் நாற்பது நாளாகிறது. இன்று காலை என் தொப்பியிலேயே ஒரு தெள்ளுப்பூச்சியைப் பார்த்தேன். அவள் கொண்டுவந்த அழுக்கு லேசில் போகாது போலிருக்கிறது.