ஊதிக் காட்டிவிட்டு வண்டி எடுத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, டிப்போ மேலாளர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, சீருடையோடு ஓடி வந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு வணக்கம்.

தொண்டையாலேயே தெருவை ஒதுங்க வைத்த நம் மூத்த ஓட்டுநர், ஹாரன் அண்ணன், போய்விட்டார். ஓடும் பேருந்தில் நெஞ்சு வலி. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அப்படியே சாய்ந்தார். பயணிகளில் ஒருவருக்கும் கீறல் இல்லை. அதற்குள் தெருவில் என்ன பேச்சு? "பழைய குடிகாரன்தானே, மறுபடி ஆரம்பிச்சிருப்பான்!"

ஆமாம், குடித்தார்! அவரே மறைக்காததை நான் ஏன் மறைக்க வேண்டும்? வாசல் கேட் சத்தம் கேட்டால் வீட்டுப்பாடம் எழுதும் மகளின் பென்சில் நின்றுவிடும். கூடப்பிறந்த தம்பி, எதிரே வந்தால் தெரு மாறிப் போனார்.

குடியை விடும் சிகிச்சை முடிந்து வந்தவருக்கு நிர்வாகம் நிபந்தனை போட்டது. தினமும் மது வாடை கண்டுபிடிக்கும் கருவியில் ஊதிக் காட்டினால்தான் வண்டி! நாங்கள் கொதித்தோம். "அவமானம்ணே, போராடலாம்" என்றோம். அண்ணன் என்ன சொன்னார்?

"போதையில வண்டிய எடுத்தேனே, அதுதான்டா அவமானம். இது வெறும் காத்து. கொண்டா, ஊதுறேன்!"

மறுநாள் அவர் பின்னால் டிப்போவே வரிசையில் நின்று ஊதியது. சொட்டுக்கூடத் தொடாத நம் தலைவர் உட்பட! சிலர் பல் தேய்த்துவிட்டு வந்திருக்கலாம், அது வேறு விஷயம்.

ஒருமுறை சறுக்கினார், மறுபடி குடித்தார். மறுநாள் காலை கருவி முன் வந்து, "இன்னைக்கு ஊத மாட்டேன், சாவிய வாங்கிக்கோங்க" என்று கொடுத்துவிட்டு, தானே சிகிச்சைக்குத் திரும்பினார். விழுந்ததைச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் துணிச்சல் உண்டு? மகள் தினமும் போய்ப் பார்த்தாள். தம்பியும் போனார்.

கடைசி நாளும் ஊதினார். சுத்தம்! அவருக்கு அடுத்து நின்றவன் நான். இனி யார் வாய் திறக்கிறார்கள் பார்ப்போம்!

குடியில் விழுந்து, அண்ணனே கைப்பிடித்துச் சிகிச்சைக்கு அழைத்துப் போன ஓட்டுநர் தோழர் ஒருவர் கடைசி வரிசையில் தலை குனிந்திருக்கிறார். நிமிருங்கள் தோழரே! நாளை முதல் அண்ணனின் வண்டி உங்களுக்குத்தான். மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் ஊதும்போது நாங்கள் பின்னால் நிற்போம், இது சங்கத்தின் உறுதி. குடிகாரன் வண்டியில் ஏற மாட்டோம் என்பவர்கள் தாராளமாக நடந்து போகட்டும்!

கூட்டம் தொடங்குமுன் அண்ணியிடம் இதைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"முதல் டிரிப் எத்தனை மணிக்கு தம்பி? நான் ஏறணும்."