ஏற்றத்தில் குறையில்லை

இந்தக் காரைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதைத்தான். நீங்களும் அதையே கேட்டீர்கள். தவறில்லை. டவுனுக்குள் ஏழு. ஏற்றத்தில் ஐந்து. நான் ஓட்டினால் இன்னும் குறையும். கணக்குப் பார்க்கிறவர்கள் இதை வாங்கக் கூடாது. அவர்களுக்கென்று வேறு கார்கள் இருக்கின்றன. அவை அவர்களைப் போலவே இருக்கும்.

இறந்துபோன சுகிர்தன் என் தங்கை பூரணியின் கணவர். கினிகத்தேனைக்கு மேலே, மழையில், என் காரோடு பள்ளத்தில் விழுந்தார். நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். யாரும் என்னைத் தேடி வரவில்லை. நானாக வந்திருக்கிறேன். 'வாகனக் கோளாறாக இருக்கலாம்' என்று உங்கள் பொலிஸ் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி பொய். அதைத் திருத்த வேண்டும். அதற்காகக் காரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பேச வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நன்மைகள். சாதாரணக் காரில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் இழுக்க வைக்கும். இதில் நான்கையும். தேயிலைக் கொழுந்து லொறி சிந்திவிட்டுப் போன இலைகள் மழையில் நனைந்து கிடக்கும் வளைவில் ஒரு சக்கரம் வழுக்கினால் மற்ற மூன்றும் பிடித்துக்கொள்ளும். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் ஒரு விசிறி. உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும். நானுஓயா தாண்டியதும் மற்றக் கார்கள் மூச்சு வாங்கும். இது வாங்காது. வெளியே பார்த்தால் நான்கு கதவுள்ள குடும்பக் கார். பின்னால் மரக்கறிக் கூடை வைக்கலாம். கோயிலுக்குப் போகலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்பது ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரியும். அதுதான் அதன் பெரிய நன்மை.

பூரணிக்கும் தெரியும். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் மலையேற்றக் கார்ப் போட்டி நடக்கும். அதற்கு முன் பாதையைப் பழகும் வாரங்களில் இடது பக்கம் அவள் உட்காருவாள். மூடுபனியில் வளைவு தெரியாது. அவள் மனப்பாடமாகச் சொல்வாள்.

"எடது, சின்னது. அடுத்து வலது, உள்ளுக்கு மூடுது. இப்ப விடாதீங்கண்ணே."

குரல் நடுங்கியதே கிடையாது. அவளுக்கு நான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஏறுவதையும் இறங்குவதையும்.

இனிக் குறைகள். அடிப்பக்கம் தாழ்வு. தோட்டத்துப் பாதையில் தொழிலாளர் லயம் வரைக்கும் கொண்டுபோக முடியாது. கிளட்ச் போனால் கொழும்பிலிருந்து வர வேண்டும். நிறுத்திய இடத்தில் இளந்தாரிகள் சாய்ந்து நின்று படம் பிடிப்பார்கள். "அண்ணே, ஒருக்கா உறும விடுங்கண்ணே" என்பார்கள். அவர்களுக்குச் சத்தம் போதும். சத்தத்தை மட்டும் தனியாக விற்றால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இவையெல்லாம் சில்லறை. உண்மையான குறை ஒன்றுதான். ஏறும்போது அது ஓர் அற்புதம். இறங்கும்போது அது வெறும் இரும்பு. நான்கு சக்கரமும் இழுக்கும். ஆனால் நிறுத்தும்போது அது எல்லாக் காரையும் போலத்தான். இதை வாங்குகிற பாதிப்பேருக்கு இந்த விஷயம் தெரியாது. பாய்ந்து ஏறிய கார் அதே மாதிரி நிற்கவும் செய்யும் என்று நம்புகிறார்கள். எனக்கு மரக்கறி லொறிகள் ஓடுகின்றன. என் ஓட்டுநர்களில் எழுதப் படிக்கத் திணறுகிறவர்கள் உண்டு. அவர்கள்கூட இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து வைப்பார்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவார்கள். இந்த மலையில் பிழைக்கிறவனுக்கு அது தன்னாலே வந்துவிடும்.

சுகிர்தன் இந்த மலையைச் சேர்ந்தவர் இல்லை. சாவகச்சேரிக்காரர். வங்கி உத்தியோகத்தில் மாற்றலாகி வந்தார். நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வதற்கு வேறு ஒன்றும் அகப்படாதவர்களை அப்படித்தான் சொல்வார்கள். குடிக்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். குளிருக்கு ஒரு ஸ்வெட்டரின் மேல் இன்னொன்று போடுவார். சீனி கலக்கிய கரண்டியைத் துடைத்து, மடித்த கைக்குட்டையின் மேல் வைப்பார். என்னை மச்சான் என்று கூப்பிட்டார். முறைப்படி சரிதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சட்டையில் ஏதோ ஒட்டியது போல இருந்தது.

பூரணி அவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. கல்யாணத்தைக் குறைவில்லாமல் செய்தேன். நோர்வூட்டில் வாடகை வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான். அதன் பிறகு அவள் காரில் உட்காரவில்லை. நேரமில்லை என்றாள்.

ஒரு நாள் மாலை ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருவரையும் கண்டேன். ஒரே குடைக்குள் நின்று பருப்பு வடை தின்றுகொண்டிருந்தார்கள். நான் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"ஏறு" என்றேன்.

"இல்லண்ணே. நாங்க பஸ்லயே போறோம். பேசிக்கிட்டே போனா நேரம் போறதே தெரியாது."

பஸ்ஸில். கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவில், அடுத்தவன் முழங்கை விலாவில் குத்த, பேசிக்கொண்டே போவதற்கு. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். காரில் அவள் சிரித்ததில்லை. காரில் அதற்கு நேரம் கிடையாது.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதக் கூடாது. பொறாமைப்பட அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு அவராகவே காரைக் கேட்டார். மிகவும் தயங்கித்தான் கேட்டார்.

"மச்சான், குறை நினைக்காதையுங்கோ. ஒருக்கா நானும் ஓடிப் பாக்கலாமோ?"

"தாராளமா ஓட்டுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். ஹட்டனிலிருந்து றொசல்ல, வட்டவளை வழியாகக் கினிகத்தேனை வரை இறக்கம். அதை நான் ஓட்டுவேன். கீழே போய் இடம் மாறிக்கொள்வோம். அங்கிருந்து திரும்ப ஏறுவது அவர். எப்போதும் இந்த ஒழுங்குதான். இறங்கும்போது வங்கியைப் பற்றி ஏதாவது கேட்பேன். வட்டி வீதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. என் இடது கை கியரில் செய்த வேலையை அவர் ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை. சமதரையில் பிறந்தவர். பாதை என்றால் முன்னே போவது ஒன்றுதான் என்று இருந்தார்.

முதல் ஏற்றத்திலேயே அவர் முகம் மாறியது.

"பின்னாலை ஆரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரியெல்லோ கிடக்கு, மச்சான்."

"நாலு வீலும் இழுக்குது. மழைக்கும் வழுக்காது" என்றேன். ஏற்றத்தில் அது வழுக்காது. "நீங்க நல்லா ஓட்டுறீங்க" என்றும் சொன்னேன். ஏற்றத்தில் அவர் நன்றாகவே ஓட்டினார். எவனும் ஓட்டுவான். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தேன். அவர் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மனிதரை நம்ப வைப்பதற்கு இவ்வளவு குறைந்த உழைப்புப் போதும் என்பது எனக்கே சங்கடமாக இருந்தது.

காரில் ஒரு திருகாணியையும் நான் தொடவில்லை. அவரிடம் சொன்னவை எல்லாம் உண்மை. ஒன்றைத் தவிர.

றொசல்லயில் தேநீருக்கு நிறுத்தியிருந்தோம். அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தார்.

"மச்சான், எண்ணெய்தான் கொஞ்சம் கூடக் குடிக்குது. இறக்கத்திலை நியூட்ரலிலை விட்டா மிச்சம் பிடிக்கலாம் என்ன?"

"பிடிக்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. விளக்கிவிடுகிறேன். இந்தக் காலத்துக் கார் கியரில் இறங்கும்போது பெற்றோலைத் தானாகவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் குடிக்கும். ஆகவே ஒரு சொட்டும் மிச்சமில்லை. அது சிறிய விஷயம். பெரிய விஷயம், நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. நான்கு சக்கர இழுவை இல்லை. டர்போ இல்லை. எடை இருக்கும், பிரேக் இருக்கும். கினிகத்தேனை இறக்கம் நீளமானது. காலை எடுக்காமல் அமுக்கினால் பிரேக் சூடேறிக் காயும். காய்ந்த பிரேக் கொஞ்சத் தூரம் பிடிக்கும். பிறகு பிரேக் மிதி, மெத்தையில் கால் வைத்தது போல, கீழே போகும்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஒரு நல்ல யோசனை தனக்குத் தானாகவே தோன்றியதில் அவருக்குப் பெருமை.

அவருடைய தாயார் சரோஜாதேவி முதல் தடவையாக மலைநாட்டுக்கு வருவதாக இருந்தது. கண்டி வரை பஸ்ஸில் வருவார். அங்கே போய் அழைத்து வர வேண்டும். காலையில் பூரணியும் அவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"நீங்களும் வாறியளோ மச்சான்?"

"லொறி ஒன்னு கராஜுல நிக்குது. நீங்களே கொண்டு போங்க."

சாவியை அவர் பிரசாதம் வாங்குவது போல வாங்கினார். பூரணி கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டினாள்.

"நானும் போறேண்ணே. இந்த மழையில எறக்கத்துல அவருக்குப் பழக்கமே இல்ல."

"நீ இரு. ஒன் மாமியா மொத மொத வாறாங்க. வீட்டுல ஆளில்லாட்டி என்ன நெனைப்பாங்க?"

"சமைச்செல்லாம் வச்சாச்சு."

"இருன்னு சொல்றேன்ல."

சுகிர்தன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "பயப்படாதையும் பூரணி. நாலு சில்லும் இழுக்கிற கார். மழைக்கும் வழுக்காது."

சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார். நல்ல மாணவர்.

அவளை நான் ஏறவிடவில்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். மற்றதில் எதையும் நீங்கள் நம்பாவிட்டாலும் அது ஒன்று போதும்.

வட்டவளையில் ஒரு கடைக்காரர் கார் போவதைப் பார்த்திருக்கிறார். சத்தமே இல்லாமல் போனது என்று உங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கார் கியரில் இருந்தால் சத்தமில்லாமல் போகாது. வாகனப் பரிசோதகர் கியர் நியூட்ரலில் இருந்ததைக் கண்டார். விழுந்த அதிர்ச்சியில் விலகியிருக்கும் என்றார். பிரேக் காய்ந்து நிறம் மாறியிருந்ததைக் கண்டார், கோளாறு என்றார். எல்லாம் அவர் கண் முன்னால் இருந்தது. எழுதத் தெரிந்தவர்களுக்குப் பார்க்கவும் தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சாவு வீட்டில் எல்லோரும் காரைத்தான் பேசினார்கள். எங்கள் உறவில் பெரியவர் வீரய்யா. வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அது ஆகாத காருங்க. சனியன் புடிச்ச காரு. நல்ல மனுசன முழுங்கிருச்சு."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மனிதர் இறந்தால் அழுவார்கள், அது வழக்கம். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு நாளும் என்னைக் கைவிடாத ஒன்றைச் சனியன் என்று சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி?

பூரணி அழவில்லை. கூட்டம் குறைந்ததும் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எறங்குறதப் பத்தி அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"அவரு கேக்கல."

"எனக்கு நான் கேக்காமலே சொல்லிக் குடுத்தீங்க."

அது கேள்வி இல்லை.

கருமாதி முடிந்ததும் சரோஜாதேவி அவளைத் தன்னோடு சாவகச்சேரிக்குக் கூட்டிப் போனார். நான் வாடகைக்கு ஒரு வான் வண்டி எடுத்து வந்திருந்தேன். வீட்டு வாசல் வரை நானே ஓட்டிக்கொண்டு போய் விடுவதாகச் சொன்னேன். பூரணி கதவைத் தொடவில்லை. இரண்டு பெண்களும் பையைத் தூக்கிக்கொண்டு பாதை ஓரமாக நின்றார்கள். அவர்கள் நனைவதைப் பார்த்துக்கொண்டு நான் எஞ்சினை அணைக்காமல் இருந்தேன். பஸ் வந்தது. அதில் ஏறினாள். அதுவும் நெரிசலான பஸ்.

விபத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருவதுண்டு. காரைக் கண்டால் பயம். அவளைப் போன்ற பெண்ணுக்கே வந்துவிட்டது. ஊரார் சனியன், சனியன் என்று சொல்லிச் சொல்லி அவள் மனதில் ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் வந்திருக்கிறேன்.

இதற்கு எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. ஒரு சொல்லுக்குத் தண்டனை உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் கொடுங்கள். சுகிர்தனைக் கொன்றது நான். தெரிந்து, யோசித்து, நிதானமாகச் செய்தேன். காருக்கு அதில் பங்கில்லை. அப்படியே எழுதி உங்கள் முத்திரையைக் குத்துங்கள்.

ஒரு பிரதியைப் பூரணிக்கு அனுப்ப வேண்டும். முகவரி தருகிறேன். நிறுத்தி வைத்திருந்த கார் இறக்குமதியை மறுபடியும் திறந்துவிட்டார்கள்; அதே மாதிரி இன்னொன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். காரில் பிழையில்லை, அண்ணன்தான் செய்தான் என்று அவள் வாசித்துவிட்டால் போதும். பயம் தெளிந்துவிடும். வந்து ஏறிக்கொள்வாள்.